கிணற்றில் தண்ணீர் ஊற்றியவள்

1

இந்தக் கதை ஒரு பஞ்சரில் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்பத்து நாலாம் வருஷம், தை மாதம். தம்மம்பட்டியிலிருந்து ராசிபுரம் வந்துகொண்டிருந்தேன். வழியில் பஸ் டயர் போய்விட்டது. எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். ரோட்டை ஒட்டி ஒரு சேகோ ஃபேக்டரி. களம் முழுக்க ஜவ்வரிசி காயப் போட்டிருந்தார்கள். அந்த வெயிலில், அந்த வெள்ளையில், எது தரை, எது வானம் என்று எனக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை.

களத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிணறு. ஓர் அம்மாள் இடுப்பில் நிறைகுடத்தோடு படி இறங்கினாள். வெறுங்குடத்தோடு ஏறி வந்தாள். எங்கேயோ போனாள். திரும்ப நிறைகுடம். திரும்ப இறங்கினாள்.

எல்லோரும் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டு போவார்கள். இவள் கிணற்றுக்குத் தண்ணீர் கொண்டு வந்தாள். பக்கத்தில் நின்ற கண்டக்டரிடம் கேட்டேன்.

"வேண்டுதலா இருக்குமுங்க" என்றார் அவர். டயரைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் கண்ணால் பார்த்தது அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் நான் சேர்த்தது.

2

ஆரம்பத்தைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

"வெயில் மாவு போல உதிர்ந்துகொண்டிருந்த ஒரு மத்தியானத்தில்—"

[வேண்டாம். மாவு இந்தக் கதையில் வேறு வேலைக்கு வேண்டும்.]

"சென்னியம்மாளுக்கு ஒரே மகன். பெயர் அப்புசாமி. அவனுக்குப் பெண்—"

[இது சரி. ஆனால் இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். கிணற்றில் ஏன் ஊற்றுகிறாய் என்று அவளிடம் கேட்க யாராவது வர வேண்டும்.]

அப்படித்தான் ஓர் ஆராய்ச்சிக்காரரைக் கூப்பிட்டேன். முதலில் ஓர் ஆண் வந்தார், ஜீப்பில். வந்ததும் எல்லோருக்கும் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். மரியாதையாக அனுப்பிவிட்டேன். பிறகு வந்தவள்தான் வசந்தாமணி. பொருளாதாரத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். தோளில் ஒரு துணிப்பை, உள்ளே கண்ணாடிப் பாட்டில்கள்.

அவளுடைய ஆராய்ச்சி இதுதான். நாம் ஒரு கிலோ ஜவ்வரிசி வாங்குகிறோம். அந்த விலையில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி இருக்கிறது, கூலி இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, லாரி வாடகை இருக்கிறது. ஃபேக்டரியிலிருந்து ஓடிவரும் புளித்த தண்ணீர் இறங்கிக் கெட்டுப்போன கிணறு மட்டும் அதில் இல்லை. ஆனால் அந்தக் கிணற்றுக்கும் யாரோ விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். யார் கொடுக்கிறார்கள், எப்படி?*

* இங்கே செய்கிற ஜவ்வரிசியில் ஏகப்பட்டது வடக்கே போகிறது. விரத நாளில் அதைக் கிளறிச் சாப்பிடுவார்களாம். சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கிணறு தெரியாது. தெரியவில்லையே என்று அவர்களைக் கோபித்துக்கொள்ளவும் முடியாது. நானும் ஜவ்வரிசிப் பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடிக்கிற ஆள்தான்.

3

வசந்தாமணி முதல் தடவை வந்தபோது சென்னியம்மாள் ஃபேக்டரியில் கிழங்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, நீங்க டாக்டருங்களா?"

"ஆஸ்பத்திரி டாக்டர் இல்லீங்கம்மா. ஆராய்ச்சி பண்ணுனா குடுக்கற பட்டமுங்க."

"அப்ப ஊசி?"

"போடத் தெரியாதுங்க. கெணத்துத் தண்ணி எடுத்துச் சோதிக்கறமுங்க."

"கெணத்துக்கு டாக்டரு" என்றாள் சென்னியம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம். உரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். வசந்தாமணியும் சிரித்துவிட்டாள். அந்த இடத்தில்தான் எனக்கு அவளைப் பிடித்தது.

"உங்க கெணறு ஃபேக்டரிக்கு அடுத்தாப்புல இருக்குதுங்களே. தண்ணி எப்புடிங்க?"

சென்னியம்மாளின் கத்தி நின்றது.

"எங்க கெணத்துக்கு என்ன கண்ணு? கல்கண்டு மாதிரி இருக்கும்."

பொய். அந்தத் தண்ணீரை மாடுகூட முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். ஆனால் அவளுடைய காட்டில் விளைகிற கிழங்கும் அந்த ஃபேக்டரிக்குத்தான் போகிறது. அதோடு அப்புசாமிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கெட்ட கிணறு இருக்கிற வீட்டுக்கு எவர் பெண் கொடுப்பார்? வந்த இடமெல்லாம் ஜாதகம் பொருந்தியது, காடு பிடித்தது, பையனைப் பிடித்தது. கிணற்றங்கரையில் வந்து ஒரு வாய் குடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் சொல்லி அனுப்பவே இல்லை.

4

நான் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பார்த்த அன்றைக்குத்தான் வசந்தாமணி இரண்டாம் தடவை வருகிறாள். எனக்கு முன்னாலேயே கிணற்றங்கரைக்குப் போய்விட்டாள். நான் புளியமரத்தடியில் நின்றது அவளுக்குத் தெரியாது. அவள் அங்கே இருந்தது எனக்கும் ரொம்ப வருஷம் தெரியாது.

"ஏனுங்கம்மா, கெணத்துக்குள்ள எதுக்குங்க தண்ணி ஊத்தறீங்க?"

"பாத்துட்டியா?" சென்னியம்மாள் குடத்தைப் படியில் வைத்தாள். "பொழுது சாயப் பொண்ணூட்டுக்காரங்க வாராங்க சாமி. வந்ததும் எறைச்சுக் குடிச்சுப் பாப்பாங்க. இது மேட்டுக்காட்டுப் போர் தண்ணி."

"குடத்துலயே வெச்சுக் குடுக்கலாமுங்களே."

"குடத்த ஆரு பாக்கறா? கெணத்தத்தான் பாப்பாங்க."

"ஊத்துனாக் கலந்துருமுங்களேம்மா."

"கலக்காது. நீ ஃபேக்டரித் தொட்டிய நின்னு பாத்ததில்ல. கெழங்குப் பால உட்டு ஆட்டாம அசைக்காம வெச்சா மாவு அடியில போயி ஒக்காந்துக்கும். தெளிவு மேல நிக்கும். அது மாதிரித்தான் இதுவும். புளிப்பு கீழ கெடக்கட்டும், நல்லது மேல நிக்கட்டும். ஒரு பொழுதுக்கு நின்னாப் போதும்."

இதுதான் அவள் செய்த தப்பு. சேகோத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வாழ்கிறவர்கள் மட்டும்தான் இப்படித் தப்புச் செய்ய முடியும். தப்பு என்று எழுதிவிட்டேனே தவிர, எனக்கு உறுதியாகத் தெரியாது.

அவள் கடைசிப் படியில் உட்கார்ந்து, குடத்தைச் சாய்த்து, தண்ணீர் மேல் தண்ணீரைப் படுக்க வைக்கிற மாதிரி விட்டாள். சத்தமே இல்லை. கிணற்றுச் சுவரில் வெளிச்சம் மெல்ல ஆடியது. ஒரு கிணற்றுக்குள் இன்னொரு கிணறு. மேலே இருப்பது கல்யாணத்துக்கு, கீழே இருப்பது அதற்குப் பிறகு.

[இந்தக் கடைசி வாக்கியத்தை எடுத்துவிட நினைத்தேன். கிடக்கட்டும்.]

"இன்னிக்கு வேண்டாங்கண்ணு" என்றாள் சென்னியம்மாள், பாட்டிலைப் பார்த்து. "நாளைக்கு எடுத்துக்க. இன்னிக்கு இந்தப் பக்கம் தலைகாட்டாத."

5

இங்கே பஸ் சரியாகிவிட்டது. கண்டக்டர் விசில் கொடுத்தார்.

முதல் முடிவு: வசந்தாமணி ஓடிவந்து எங்கள் பஸ்ஸில் ஏறிக்கொள்கிறாள். என் பக்கத்து சீட். மடியில் காலிப் பாட்டில். ஜன்னலில் வெள்ளைக் களம் பின்னால் போகிறது. எனக்கு இது பிடித்திருந்தது. கொஞ்ச தூரம் அவளோடு போகவும் செய்தேன். ஆனால் கிணற்றங்கரையில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆளில்லாமல் போய்விட்டது. அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டேன்.

இரண்டாவது: பெண் வீட்டார் வந்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா கண்ணுசாமி, பாட்டிலோடு நிற்கும் வசந்தாமணியைப் பார்க்கிறார்.

"அம்மிணி தண்ணி சோதிக்கறவங்களா? அப்ப நீங்களே சொல்லிப்போடுங்க. எப்புடிங்க கெணறு?"

"நல்ல தண்ணிதானுங்க" என்கிறாள் அவள்.

கல்யாணம் நடக்கிறது. மறு வாரத்திலிருந்து ஒரு புதுப்பெண் மேட்டுக்காட்டுக்குக் குடம் தூக்கிப் போகிறாள். ஆயுசுக்கும் போகிறாள். வசந்தாமணி பட்டம் வாங்குகிறாள். அந்த நடையை ஆராய்ச்சியில் எங்கே சேர்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த விலையை அந்தப் பெண்ணைக் கொடுக்க வைத்தவர்களில் தானும் ஒருத்தி என்று மட்டும் தெரிகிறது.

மூன்றாவது: உண்மையைச் சொல்லிவிடுகிறாள். கண்ணுசாமி தலையாட்டிவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்கிறார். அவர்கள் வந்த கார் திரும்பிப் போகிறது. சென்னியம்மாள் திட்டவில்லை. படியில் உட்கார்ந்து குடத்தை மடியில் வைத்துக்கொள்கிறாள்.

"ஏங்கண்ணு, நீ செலவெல்லாம் எழுதற இல்ல? நான் ஊத்துனது அதுல சேருமா?"

இதற்கு வசந்தாமணி என்ன சொன்னாள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அங்கேயே வைத்துவிட்டேன்.

6

ஆகையால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கண்ணுசாமி கேள்வி கேட்ட இடத்துக்கே வருகிறேன். வசந்தாமணி வாயைத் திறக்கும் முன்னால் அவர் சிரிக்கிறார்.

"இருங்க அம்மிணி. கேக்கறதென்ன, குடிச்சே பாத்துருவம்."

வாளியை ராட்டினத்தில் விடுகிறார். இரும்பு வாளி. மேலாகத் தொட்டு எடுத்தால் மேட்டுக்காட்டுத் தண்ணீர். கயிற்றை இன்னும் கொஞ்சம் விட்டால் எது வரும் என்று எனக்கும் தெரியாது, சென்னியம்மாளுக்கும் தெரியாது. வாளி போய்த் தொடுகிறது. ஒரு பக்கமாகச் சாய்கிறது. நிறைகிறது. மேலே வருகிறது.

அவர் சொம்பில் ஊற்றுகிறார்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணப் பெண் இங்கே வரவில்லை. மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண்ணைக் கூட்டிவருகிற வழக்கமில்லை. நானும் அவளை எழுதவில்லை, ஒரு பெயர்கூட வைக்கவில்லை. இந்தக் கிணற்றோடு ஆயுசுக்கும் இருக்கப் போகிறவள் அவள் ஒருத்திதான். கதை முழுக்க அவள் நிற்க வேண்டிய இடம் காலியாகவே கிடந்திருக்கிறது.

நீங்கள் வந்து அங்கே நில்லுங்கள்.

கண்ணுசாமி சொம்பை உங்களிடம் நீட்டுகிறார். வசந்தாமணி பாட்டிலின் மூடியைத் திருகாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள். சென்னியம்மாள் ஈரச் சேலையோடு படியில் நின்று உங்கள் வாயையே பார்க்கிறாள்.

குடித்துவிட்டுச் சொல்லுங்கள்.