சிவப்புத் துணி

ஸ்டீயரிங்கில் கட்டியிருந்த சிவப்புத் துணியைக் காணவில்லை. டார்லா டிராக்டரின் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று மறுபடி எட்டிப் பார்த்தாள். துணி போயிருந்தால் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். முடியாத வேலைக்குத் துணி கட்டுவது, முடிந்ததும் அவிழ்ப்பது, முப்பத்தெட்டு வருடமாக அந்த வீட்டில் அப்படித்தான். போன ஆகஸ்டில் அறுவடை உச்சத்தில் ரேடியேட்டர் குழாய் வெடித்தபோது, ஊருக்குப் போய்க் கூலன்ட் வாங்கப் பொறுமையில்லாமல் அவள் கணவன் ஒரெஸ்ட் குட்டைத் தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டு அந்தத் துணியைக் கட்டினான். குளிருக்கு முன்னால் தண்ணீரை இறக்கிவிட்டு, குளிரில் உறையாத கூலன்ட் ஊற்ற வேண்டும். ஊற்றாவிட்டால் தண்ணீர் உறைந்து இன்ஜினையே பிளந்துவிடும்.

காலையில் கேட்டாள். "எல்லாம் மாத்திட்டேன், சும்மா நச்சரிக்காதே" என்று சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பிப் போனான். ஆனால் அவள் வாங்கி வைத்த இரண்டு கேன்களும் மேசைக்கு அடியில் மூடி உடைக்காமல் நின்றன. இன்று இரவு மைனஸ் பதினெட்டு என்று ரேடியோ காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன வசந்தத்தில் விதைப்பெட்டியைத் திறக்க மறந்து, ஒரு விதைகூட விழாமல் நாற்பது ஏக்கர் ஓட்டிவிட்டு வந்தவன் அவன். அன்று ராத்திரி அவனே சொன்னான்: இன்னொரு தடவை இப்படி ஆனால் நிலத்தைப் பக்கத்துப் பண்ணை குர்ட்டுக்குக் குத்தகைக்கு விட்டுவிடலாம். சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்குகிற ஆளில்லை, அந்தப் பிடிவாதக்காரன்.

சோதிக்கும் கண்ணாடிக் குழாயை ரேடியேட்டருக்குள் விட்டு உறிஞ்சினாள். கூலன்ட் இருந்தால் உள்ளே நான்கு சிறு உருண்டைகளும் மேலே மிதக்க வேண்டும். நான்கும் அடியிலேயே கிடந்தன.

அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. இறக்கும் குழாயைத் திறந்துவிட்டாள். அவன் திரும்புவதற்குள் கூலன்டை ஊற்றி, காலிக் கேன்களையும் ஒளித்து, அவனே அவிழ்த்துப் போட்டது போல வேறொரு சிவப்புத் துணியை எங்கேயாவது போட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. விரல் மரத்துப்போயிற்று. கலங்கிய தண்ணீர் சாவகாசமாக ஒழுகியது. "ஓடித் தொலையேன்" என்று அதைத் திட்டினாள்.

இரண்டாவது கேனில் பாதியை ஊற்றிக்கொண்டிருந்தபோது பிக்கப் வண்டி உள்ளே வந்தது.

ஒரெஸ்ட் இறங்கி, தரையில் பரவி ஓரம் உறையத் தொடங்கியிருந்த தண்ணீரைப் பார்த்தான்.

"குழாய் கசியற மாதிரி இருந்துச்சு" என்றாள் டார்லா. "அதான் இறக்கிட்டேன்."

"முப்பத்தெட்டு வருஷமாச்சு, இன்னும் ஒழுங்கா ஒரு பொய் சொல்ல வரலை உனக்கு."

கோட்டுப் பையிலிருந்து சிவப்புத் துணியை எடுத்தான். எண்ணெய்க் கறை படிந்திருந்தது. "கை துடைக்க அவுத்திருக்கேன். அப்புறம் துணியைக் காணோமேன்னதும் மாத்திட்டேன்னு நானே நம்பிட்டேன். ஊருக்குப் பாதி வழியில பையில கை விட்டப்பதான் தெரிஞ்சுது."

"சரி விடு. ஒண்ணும் கெட்டுப்போகலை. யாருக்குத் தெரியப்போகுது?"

"அப்படியே குர்ட் வீட்டுக்குப் போயிட்டுத்தான் வரேன், டார்லா. சொல்லிட்டேன். ஏப்ரல்லேருந்து நிலத்தை அவன் பார்த்துக்குவான்."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? ஆனால் தானும்தான் அவனைக் கேட்காமல் காலையிலிருந்து திருட்டு வேலை செய்துகொண்டிருந்தாள். நிலம் போகிறதே என்று அழுகை வந்தது. அந்த அழுகையில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது, அதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"மூடியைப் போடு" என்றான் அவன், ஏறி உட்கார்ந்து. "கொஞ்சம் ஓட்டினாத்தான் உள்ளே எல்லா இடமும் போய்ச் சேரும்."

"முற்றத்துலயே ஒரு சுத்து போதும். ஆறினதும் மட்டம் இறங்கும், மிச்சத்தை ஊத்தணும்."

அவன் தலையாட்டினான். டிராக்டர் முற்றத்தைத் தாண்டி, வேலி இடைவெளி வழியாக அறுத்த கோதுமைத் தாள்களுக்குள் இறங்கியது. பின்னால் எதுவும் பூட்டியிருக்கவில்லை. இருந்தும் வயலின் மறுகோடி வரை நூல் பிடித்தது போல் போனான். அங்கே அகலமாகத் திரும்பி, விதைப்பெட்டி பின்னால் இருந்தால் எவ்வளவு தள்ளி வருவானோ அவ்வளவு தள்ளி, தன் சக்கரத் தடத்துக்கு இணையாக வந்தான். வேலியருகே வந்ததும் நிற்கவில்லை. மறுபடி திரும்பி, அடுத்த வரிசையைப் பிடித்தான். பாதிக் கேனைக் கையில் வைத்துக்கொண்டு டார்லா பார்த்துக்கொண்டிருந்தாள்.