மூடி வைத்த சஹன்

கிண்ணியாவின் பழைய இறங்குதுறையில் உம்மு குல்சும் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் ஒரு சஹன் சோறு பதினாறு வருசம் சூடு குறையாமல் இருந்தது. சஹன் என்றால் ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டு. புதுப் பாலம் திறந்த அன்று, அதுவரை ஆளையும் வண்டியையும் அக்கரை சேர்த்த படகுப்பாதை என்ற மிதவையில் வேலை செய்த ஆறு பேருக்கும் கடைசி நாள் சாப்பாடென்று நெய்ச்சோறும் கோழியும் ஆக்கி, உள்ளறைப் பாயில் வைத்தாள். ஐந்து பேர் வந்து கை கழுவினார்கள். ஆறாவது ஆள் அவள் புருசன் முஹம்மது தம்பி. படகுப்பாதையை அக்கரையில் கட்டிவிட்டுப் பாலத்தால் நடந்து வருகிறேன் என்று போனவர். அது கட்டியபடி நின்றது. அவர் வரவில்லை. ஆள் குறைய சஹனில் கை வைப்பது அந்தக் கடையில் வழக்கமில்லை. ஐவரும் பொழுதுபட்டு மஃரிபு தொழுகைவரை இருந்து பார்த்துவிட்டு, பாண் ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் மூடியைத் தூக்கியபோது ஆவி வந்தது. ஒரு கிழமை கழித்தும் வந்தது. ஐவரில் ஒருவரான றுமைஸ், சோறு வீணாகக் கூடாதென்று ஒரு பிடி எடுக்கப்போய் மூன்று விரலைச் சுட்டுக்கொண்டார். அதன்பின் எவரும் தொடவில்லை. சுகாதாரப் பரிசோதகர் வந்து வெப்பமானியை வைத்தார், எழுதினார், தேநீர் குடித்துவிட்டுப் போனார். எரிவாயுத் தட்டுப்பாடு வந்த வருசம் அயல் பெண்கள் பிள்ளைகளின் பால்போத்தல்களை அதனருகே வைத்துச் சூடாக்கினார்கள்.

பெரியவர்கள் வந்து அவளை இத்தா இருக்கச் சொன்னார்கள். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் இருப்பு அது. அவள் மூடியைத் திறந்து காட்டினாள். “சோறு சுடுது. நான் எதுக்கு இத்தா இருக்கோணும்?” புத்தளத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் நப்லா நோன்புக்கு நோன்பு போனில் கூப்பிட்டாள்.

“கடையப் பூட்டிட்டு வாங்க உம்மா.”

“வாப்பா வந்து பூட்டின கதவையா பார்க்கிற?”

அவளுக்குச் சோற்றின் சூடுதான் புருசன் உயிரோடிருக்கிற செய்தி. சுபஹு தொழுது, மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்த பிறகே அடுப்பு மூட்டுவாள்.

போன ஆகஸ்டில் சாரங்கன் வந்தான். யாழ்ப்பாணத்திலிருந்து மட்டக்களப்புக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவன். நிலாவெளி ஹோட்டலில் இரண்டு நாள் வெள்ளைக்காரருக்கென்று உறைப்பைக் குறைத்த சாப்பாட்டைத் தின்று அலுத்து, ஊர்ச் சாப்பாடு எங்கே என்று ஓர் ஓட்டோக்காரரைக் கேட்டான். பாலம் தாண்டி, பழைய துறையடி, பெயர்ப்பலகை இல்லாத கடை என்று அவர் சொன்னார்.

அவன் வந்தது பின்னேரம், அசர் தொழுகை நேரம். உம்மு குல்சும் பின்னால் தொழுதுகொண்டிருந்தாள். வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்த றுமைஸ் தலை நிமிராமல், “உள்ளுக்குப் போய் இருங்க தம்பி, சாப்பாடு இருக்கு” என்றார். முன்னறை மேசையைத்தான் சொன்னார். சாரங்கன் உள்ளறைக்குப் போனான். பாய், செம்பில் தண்ணீர், மூடிய தட்டு. தனக்குத்தான் என்று நினைத்தான். கை கழுவி, மூடியைத் திறந்து, நடுவிலிருந்த கோழியில் கை வைத்தான். சஹனில் அவரவர் தன் பக்கத்தால் தின்று, கடைசியில்தான் நடுவுக்குப் போவார்கள். அவனுக்கு அது தெரியாது. விரலும் சுடவில்லை. ஏன் சுடவில்லை என்று பிறகு ஊரில் பலரும் பலதும் சொன்னார்கள். அவன் சொன்னது ஒன்றுதான்: நல்ல பசி.

“லாத்தா, ஓடி வாங்க! கை வைச்சிட்டான்!” என்று றுமைஸ் கத்தினார்.

தொழுகை உடுப்போடு அவள் ஓடிவந்தாள். சோற்றின் நடுவில் பள்ளம். சாரங்கன் கன்னம் நிறையச் சோற்றோடு நிமிர்ந்தான்.

“நல்ல சாப்பாடு அக்கா. உப்புத்தான் கொஞ்சம் காணாது.”

ஏச வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். பதினாறு வருசத்தில் அந்தச் சோற்றின் உப்பைப் பற்றி எவரும் கதைத்ததில்லை.

“அவருக்குப் பிரஷர்,” என்றாள். “குறைச்சுத்தான் போட்டனான்.”

“ஆருக்கு?”

அவள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். “நடுவில கை வைக்கப்படாது மகன். உங்கட பக்கத்தால தின்னுங்க.”

“என்னால தனியத் தின்ன ஏலாது அக்கா. இது ஒரு ஊருக்குக் காணும்.”

“ஓம்,” என்று அவள் றுமைஸைப் பார்த்தாள். “மத்தவங்களையும் வரச் சொல்லுங்க.”

நால்வர் வந்தார்கள். ஒருவர் இப்போது பொல்லூன்றி நடப்பவர். றுமைஸோடு ஐவர், சாரங்கனோடு ஆறு. றுமைஸ் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தார். சுடவில்லை.

“இந்தப் பொடியனுக்காண்டியாடா நாம இவ்வளவு காலம் காவல் கிடந்த?” என்றார் பொல்லுக்காரர்.

“பேசாமத் தின்னு. கோழியை அவன் முடிச்சிடுவான்,” என்றார் றுமைஸ்.

உம்மு குல்சும் கதவோரம் நின்று சோறு குறைவதைப் பார்த்தாள். குறையக் குறையக் கிட்ட வந்தாள். கடைசிப் பருக்கையும் போனது. அவள் குனிந்து வெறும் தட்டில் உள்ளங்கையை வைத்தாள். ஆறு பேரும் அவள் முகத்தைப் பார்த்திருந்தார்கள். வெடுக்கென்று கையை இழுத்து ஊதினாள்.

“சுடுது,” என்றாள்.

இப்போது அந்தத் தட்டில் தினமும் அந்த ஐவரும் ஒரு வழிப்போக்கனும் சாப்பிடுகிறார்கள். பிந்தி வருகிறவருக்கும் சோறு சூடாகவே இருக்கிறது. நப்லா கூப்பிடுவதை விட்டுவிட்டு, பெருநாளுக்குத் தானே வந்துபோகிறாள். உப்புக் காணாது என்று வழிப்போக்கர் எல்லோரும் சொல்கிறார்கள். உம்மு குல்சும் கூட்டிப் போடுவதில்லை.