கடைசி வரியில் என் வீடு

எங்கள் ஊரில் தெருக்களைக் கணினியில்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு வரிக்கு ஒரு வீடு. புதிய வரியைச் செருகினால் அங்கே புதிய வீடு வரும். கீழே உள்ள வீடுகள் எல்லாம் தள்ளிப் போகும். சேமித்துவிட்டால் பிறகு செருகியதை யாராலும் எடுக்க முடியாது. செருகுவது என் வேலை.

அன்று காலை கண்காணிப்பாளர் எபனேசர் ஏரித் தெருவைத் திறந்து வைத்திருந்தார். அது என் தெரு. கடைசி வரி என் வீடு. அதற்குக் கீழே ஏரி.

"நடுவுல மூணு வரி போடுங்க," என்றார்.

"சார், கடைசி வீடு என்னுது."

"கடைசின்னு ஒண்ணு இருந்துதானே ஆகணும்?"

செருகும் ஆணையைக் கொடுத்து மூன்று பெயர்களை அடித்தேன். மூன்று வீடுகள் வந்தன. உடனே கைபேசி அடித்தது. என் மனைவி அமிர்தவேணி.

"ஏங்க, கோலம் போட்டுட்டு நிமிர்றேன், வாசப்படியில தண்ணி நிக்குது."

'நீக்கு' என்று அடித்தேன். பதற்றத்தில் புத்தி வேலை செய்யவில்லை. செருகும்போது எதை அடித்தாலும் அதுவும் ஒரு வரிதான். ஒரு வரியில் புள்ளியை மட்டும் தனியாக வைத்தால்தான் செருகல் நிற்கும்.

"நீக்குன்னு பேர்ப்பலகை மாட்டி ஒரு வீடு வந்திருக்குங்க. தண்ணி கூடத்துக்கு வந்துருச்சு."

'வேண்டாம்' என்று அடித்தேன். அந்தப் பெயரிலும் ஒரு வீடு வந்தது. அதில் ஏற்கெனவே துணி காயப் போட்டிருந்தார்களாம்.

"இடுப்பளவுங்க," என்றாள்.

"மாடிக்குப் போ."

"நமக்கு ஏது மாடி?"

புள்ளி வைத்தேன். தட்டச்சுப் பள்ளியில் பத்தி தொடங்கும் முன் இடம் விட்டே பழகிய கட்டைவிரல், இப்போதும் இடம் விட்டுவிட்டது. முன்னால் இடம் இருந்தால் புள்ளியும் வெறும் எழுத்துதான். இன்னொரு வீடு வந்தது. பேர்ப்பலகையில் புள்ளி மட்டும்.

"அதுல யாரு இருக்கா?"

"ஆளே இல்ல. லைட்டு எரியுது. தண்ணி கழுத்துக்கு வருதுங்க."

கட்டைவிரலை மடக்கிக்கொண்டு மறுபடியும் புள்ளி வைத்தேன். செருகல் நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனி சேமிக்காமல் வெளியேறினால் போதும். தெரு பழையபடி ஆகிவிடும்.

என் தோளுக்கு மேலாக எபனேசரின் கை நீண்டது. சேமித்தது.

"இவ்ளோ அடிச்சிருக்கீங்க. வீணாப் போயிடக் கூடாது பாருங்க," என்றார். அவர் முகத்தில் உண்மையான அக்கறை இருந்தது.

கைபேசியைக் காதில் வைத்தேன். தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது.

"வேணி?"

"இருக்கேங்க. தண்ணிக்குள்ள நல்லாத்தான் கண்ணு தெரியுது. இங்க ஒரு தெருவே இருக்கு. எல்லாம் முன்னாடி கடைசி வீட்டுல இருந்தவங்களாம். பக்கத்து வீட்டம்மா காப்பி குடுத்தாங்க."

"நான் இப்பவே வர்றேன்."

"வாங்க. கரையில இருந்தே மூச்சப் பிடிச்சுக்குங்க. இங்க இருக்கறவங்க யாரோட வீட்டுக்காரரும் இன்னும் வந்து சேரலையாம்."