மூன்றடிக்கு ஒரு கல்தூண்

"எஞ்சாவுக்கு ஊரே இந்த மேடை மேல ஏறி ஆடும். ஓரத்துல தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் தண்ணி வெச்சுப் பாருங்க, ஒரு சொட்டு சிந்தாது."

இப்படி அளந்துவிட்ட அம்சாவைத்தான் ஐஸ் பெட்டியோடு தூக்கிக்கொண்டு நாலு பேர் பின்வாசலில் திகைத்து நின்றார்கள். முன்னால் தெருவில், ராத்திரி பெய்த மழை சாக்கடையோடு கலந்து கிடந்தது. பின்னால் தோட்டத்தில் அவள் கட்டிய மரமேடை. நடுவே, வாசலை அடைத்தபடி அவள் தம்பி கோதண்டபாணி.

"மாமா, தெருவுலயே வெச்சிடலாம். இது தாங்காது. அக்காவோட சேத்து இன்னும் நாலு பேரத் தூக்க வேண்டியதாப் பூடும்."

சீனுவாசன் அம்சாவின் புருஷன். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு தபால் கார்டு நிரம்பாது. மிச்சத்தை அம்சா பேசினாள்.

கிளியனூரில் அவர்கள் தோட்டம் பள்ளம். தூறல் போட்டாலே தவளைகள் அடுப்படிக்கு வந்து குழம்பில் உப்பு பார்க்கும். அதனால்தான் கருங்கல் தூண் நட்டு, அதன் மேல் பனங்கை விட்டம் போட்டு, விழுப்புரம் மரக்கடைப் பலகையை அடித்து ஒரு மேடை கட்டத் திட்டம் போட்டாள். திண்டிவனத்தில் பாதி ஊரைத் தானே கட்டியதாகச் சொல்லிக்கொள்ளும் மேஸ்திரி கோதண்டபாணி அன்றைக்கே உதட்டைப் பிதுக்கினான்.

"மரம்னா ஆடும்க்கா. எத்தினி தூண் நட்டாலும் ஆடும். பேசாம காங்கிரீட் போடு."

"ஆடாதபடி நடறேன், பார்றா."

இரண்டு பக்கம் செங்கல் அடுக்கி, மேலே பலகை போட்டு, பலகை ஓரத்தில் தண்ணீர் தளும்பும் டம்ளரை வைத்து, நடுவில் புருஷனை ஏற்றினாள்.

"எகிறுங்க!"

சீனுவாசன் எகிறினார். சிந்தியது. செங்கல்லை ஒரு சாண் கிட்டே நகர்த்தினாள்.

"இன்னா பூ மேல குதிக்கிற மாதிரி குதிக்கிறீங்க? நல்லா எகிறுங்க!"

தண்ணீர் அசையாமல் நின்றபோது இடைவெளி மூன்றடிக்கு வந்திருந்தது. சீனுவாசனின் முட்டிகள் இரண்டும் அன்றோடு ஓய்வு பெற்றன. அம்சா கோலமாவை எடுத்து மூன்றடிக்கு ஒரு புள்ளி வைத்தாள். புள்ளிக்கு ஒரு தூண்.

"இது மேடையா, கல்லுக்காடா?" என்றான் தம்பி. "கீழ கோழி பூந்தா வழி தெரியாம வயசாயிடும்."

"எஞ்சாவுக்கு வந்து எகிறிப் பாரு. அப்பப் பேசிக்கலாம்."

இன்றைக்கு ஒரு பலகை முறிந்தாலும் போதும். கடைசி நாளில் அம்சா தோற்றவளாகத்தான் சுடுகாடு போவாள்.

"மேல வைங்கப்பா," என்றார் சீனுவாசன்.

"மாமா, நான் சொல்றது இன்னான்னா..."

"அவ கட்டினது. வேற எங்கயும் வெக்க மாட்டேன். நவுரு."

அவர் குரலை முதன்முறையாகக் கேட்ட அதிர்ச்சியில் பெட்டியே கை நழுவப் பார்த்தது. கோதண்டபாணி நகர்ந்தான்.

பெட்டி மேடைக்குப் போனது. சொந்தபந்தம் அடுப்படியிலேயே நின்று எட்டிப் பார்த்தது. பறையடிக்கும் தென்னரசுவும் மற்ற மேளக்காரர்களும் கீழே தண்ணீரில் நின்றார்கள்.

"மேளம் கீழயே இருக்கட்டும்," என்றது ஒரு பெரிசு.

"ஊரேன்னுதான் சொன்னா," என்றார் சீனுவாசன். "தென்னரசு, எல்லாரயும் கூட்டிக்கினு மேல வாப்பா."

பிறகு அம்சாவின் எவர்சில்வர் டம்ளரை விளிம்பு வரை நிரப்பி, மேடை ஓரத்தில் வைத்தார்.

தென்னரசு பறையில் விட்ட முதல் அடி மயிலம் மலையில் மோதித் திரும்பியது. ஆனந்தராஜ் ஏறினான். லாரி ஓட்டுபவன்; அவன் இறங்கினால்தான் லாரிக்கு மூச்சு வரும். அவன் பின்னால் கெடாரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள், புடவையை இடுப்பில் செருகிய பெண்கள், உப்பு பார்க்க வந்த தவளைகள் தவிர எல்லாரும். கீழே தண்ணீர் வளையம் வளையமாகக் கலங்கியது. மேலே கோதண்டபாணி மட்டும் மண்டி போட்டு, கன்னத்தைப் பலகையோடு ஒட்டி, டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சீனுவாசன் அவன் தோளைத் தட்டினார்.

"எகிறு."

"மாமா..."

"உன்னத்தானே கூப்ட்டா. எகிறு."

கோதண்டபாணி எழுந்தான். வேட்டியை மடித்துக் கட்டினான். அக்கா முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு எகிறினான். மறுபடி எகிறினான். தென்னரசு அடியை மாற்றி அவன் காலுக்கு வாசித்தான். மூச்சு வாங்கும் வரை குதித்துவிட்டு டம்ளருக்கு முன்னால் பொத்தென்று உட்கார்ந்தான்.

"பாருங்க மாமா! பலகையில ஈரம்! சிந்திடுச்சு!"

சீனுவாசன் குனிந்து பார்த்தார். டம்ளரில் தண்ணீர் விளிம்போடு விளிம்பாக நின்றது. அவன் மோவாயிலிருந்து இன்னொரு சொட்டு பலகையில் விழுந்தது. அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார்.

கோதண்டபாணி முகத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டிப் பக்கம் திரும்பினான்.

"சரி. சிந்தலக்கா."