முள் எகிறாத சனிக்கிழமை

இன்பராஜுக்குப் பாட்டுப் பைத்தியம் என்று தங்கச் சுரங்கத் தொழிலாளர் வீட்டு லைன் முழுக்கத் தெரியும். அதுவும் நம் ஊர்ப் பாட்டில்லை. கிதாரும் டிரம்முமாகக் காதைப் பிளக்கும் இங்கிலீஷ் பாட்டு. ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குக் கப்பலேறிப் போன ஆங்கிலோ இந்திய சிநேகிதன் வின்னி வருஷத்துக்கு இரண்டு பார்சல் அனுப்புவான். அதில் வரும் ரெக்கார்டுகளை இன்பராஜ் பஞ்சு வைத்துத் துடைத்து அடுக்குவான். பெற்ற பிள்ளைகளை அவன் ஒரு நாளும் அப்படித் துடைத்ததில்லை என்பது அவன் பெண்டாட்டி தங்கம்மாவின் புகார்.

டிசம்பர் வந்தால் அந்த வருஷத்தின் சிறந்த பத்து ரெக்கார்டுகளைப் பொறுக்கி, குண்டு குண்டான கையெழுத்தில் எழுதி, கிளப் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவான். கூட உட்கார்ந்து பொறுக்குவது மச்சான் சம்பங்கி. தங்கம்மாவுக்கு ஒரே தம்பி. சுரங்கத்தில் ஆழமான லெவலில் மரம் முட்டுக் கொடுக்கும் வேலை. இரண்டு பேருக்கும் ஒன்பது இடங்களில் ஒத்துப்போகும், முதலிடத்தில் மட்டும் குடுமிப்பிடி சண்டை. எழுபத்தொன்றாம் வருஷம் இன்பராஜின் முதலிடம் நீல அட்டை போட்ட ரெக்கார்டுக்கு. ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, இருபது நிமிஷம். சம்பங்கிக்கோ அட்டையில் நாற்காலி எரிகிற படம் போட்டதுதான் உசத்தி. "உன்னுது கேட்டா தூக்கம் வருது மாமா" என்று அவன் சொன்னது இன்பராஜுக்குச் சுருக்கென்று தைத்திருந்தது.

இன்பராஜின் ரெக்கார்டு பிளேயருக்கு லைனில் வேறொரு உபயோகமும் உண்டு. பூமிக்கடியில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிப்பதை அங்கே ஏர் பிளாஸ்ட் என்பார்கள். பெரிதாக வெடித்தால் ஊரே குலுங்கும். அதற்கு முன்னால் சில சமயம் சின்னச் சின்னதாக அதிரும். மனுஷன் காலுக்குத் தெரியாத அதிர்வுக்குக்கூட இன்பராஜ் வீட்டு முள் வரி தாண்டி எகிறிவிடும், வீடு நேராகச் சுரங்கத்தின் மேலேயே இருந்ததால். ஆகவே இரண்டு மணி ஷிப்டுக்குப் போகிறவர்கள் வாசலில் நின்று, "இன்னா, முள்ளு எகிறிச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. மூன்று தடவைக்கு மேல் எகிறியிருந்தால் லீவு சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அப்படி லீவு போட்டு உயிர் தப்பியவர்கள் அந்த லைனிலேயே நாலு பேர் இருந்தார்கள்.

ஆனால் எகிறுகிற முள் ரெக்கார்டைக் கீறும். நீல அட்டையில் ஏற்கெனவே இரண்டு கீறல் விழுந்து, நல்ல இடத்தில் பாட்டு தத்தியது. இன்பராஜும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆண்டர்சன்பேட்டை சைக்கிள் கடையில் பழைய டியூப் வாங்கி வந்து, அறுத்து, கூரை உத்தரத்தில் கட்டி, அதில் ஒரு பலகையைத் தொங்கவிட்டுப் பிளேயரைத் தூக்கி வைத்தான். பக்கத்தில் நின்று தொப்புத் தொப்பென்று குதித்தான். முள் அசையவில்லை. சுரங்கத்தின் கல் அரைக்கும் மில்லில் ஃபிட்டர் வேலை பார்க்கிறவன் மூளையே மூளை என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டான்.

சனிக்கிழமை லீவு. காலை ஆறு மணிக்குச் சத்தத்தை முழுசாக ஏற்றிவிட்டு உட்கார்ந்தவன், பத்து ரெக்கார்டையும் ஒரு தத்தல் இல்லாமல் கேட்டான். நீல அட்டை முடிந்தபோது அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அவ்வளவு சந்தோஷம்.

ஒன்றேகால் மணிக்குச் சம்பங்கி வந்து, மண் பூட்ஸோடு வாசலிலேயே நின்றான். தங்கம்மா குழாயடிக்குப் போயிருந்தாள்.

"இன்னா மாமா, முள்ளு எகிறிச்சா? எகிறிச்சுன்னு சொல்லு, லீவு போட்டுட்டு இங்கயே குந்திக்கிறேன். நாற்காலிய மொத எடத்துல போடாம எய்ந்திருக்க மாட்டேன்."

இன்பராஜின் கையில் பேனா திறந்திருந்தது. முதலிடம் மட்டும்தான் எழுதப் பாக்கி. இவன் உள்ளே வந்தால் பட்டியல் உருப்பட்ட மாதிரிதான்.

"ஒருவாட்டி கூட எகிறல. போடா, ஷிப்டுக்கு நேரமாவுது."

சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். சொல்லும்போதே, டியூபில் தொங்குகிற முள் எப்படி எகிறும் என்ற நினைவு ஓரமாக எட்டிப் பார்த்தது. அவன்தான் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டான். சம்பங்கி சிரித்துக்கொண்டே போனான். இன்பராஜ் முதலிடத்தில் நீல அட்டையை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டான்.

தங்கம்மா குடத்தோடு உள்ளே நுழைந்தபோது மணி ஒன்று ஐம்பது. வந்ததும் வராததுமாகப் பிளேயரை நிறுத்தினாள்.

"காதுல இன்னா அடைச்சிக்கினு கீற? காலையிலருந்து அஞ்சுவாட்டி அதிர்ந்துட்ச்சாம், குழாயடில பேசிக்கிறாங்க. நான் வெச்ச குடமே உருண்டுது. தம்பி வந்தானா? லீவு போடச் சொன்னியா?"

இன்பராஜ் டியூபில் தொங்கும் பலகையை ஒரு தடவை பார்த்தான். செருப்புகூடப் போடாமல் ஓடினான்.

சுரங்கத்துக்குள் ஆளிறக்கும் ஷாஃப்டின் வாசலில் கூண்டுக் கதவைப் பார்த்துக்கொள்ளும் பெருமாள், பீடியைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். கடைசிக் கூண்டும் இறங்கிவிட்டது. இரும்புக் கயிறு நின்றிருந்தது.

"அண்ணே, கீழ போன் போடுங்க. எல்லாரையும் மேல வரச் சொல்லுங்க."

"ஏன்டா? உன் முள்ளுதான் எகிறலியே?"

"யார் சொன்னது?"

"சம்பங்கி. இங்க நின்னு எல்லார்கிட்டயும் சொன்னான். 'எங்க மாமா பத்து ரெக்கார்டு போட்டாரு, ஒருவாட்டி எகிறல'ன்னு. அதிர்வுக்குப் பயந்து லீவு சீட்டு குடுத்துட்டு நின்ன ஏழு பேரும் சீட்டத் திருப்பி வாங்கிக்கினு எறங்கிட்டாங்க."

இன்பராஜ் டியூப் கட்டிய கதையைச் சொன்னான். முன்னும் பின்னுமாகச் சொன்னான். பெருமாள் பீடியைக் கீழே போட்டுவிட்டுப் போனை எடுத்துக் கைப்பிடியைச் சுற்றினார். கீழே யாரோ எடுத்து ஹலோ என்றார்கள்.

அப்போது காலுக்கடியில் தரை ஒரு முறை தூக்கிப் போட்டது. கொட்டகைத் தகரங்கள் தடதடத்தன. இரும்புக் கயிறு துடித்து அடங்கியது. பெருமாள் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டே இருந்தார். கீழிருந்து பதில் இல்லை.

சங்கு ஊதியது. லைன் லைனாகப் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். யார் யார் கீழே, எந்த லெவல் என்று கேட்டு அலறினார்கள். தங்கம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து புருஷன் முன்னால் நின்று, அவன் முகத்தையே பார்த்தாள்.

"நம்ம வீட்லயே குந்திக்கிறேன்னுதான் வந்தான்" என்றான் இன்பராஜ். "நான்தான் போடான்னு அனுப்பிச்சேன்."