கன்னத்துக் கரி

எங்கள் ஊரில் ஜனவரி ஆறாம் தேதி காலையில் எந்தப் பிள்ளையும் முகம் கழுவாது. தொழுவத்தில் பிறந்த குழந்தையைப் பார்க்க வந்து, இன்றும் பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவரும் மூன்று ராஜாக்களின் திருநாள். முந்தின சாயங்காலம் பல்தசார் ராஜா கொடுத்த முத்தத்தின் கரி கன்னத்தில் ஒட்டியிருக்கும்; அதைத் தெருவெல்லாம் காட்டி முடித்த பிறகுதான் தண்ணீர். யாருக்குப் பெரிய கரி என்று கோயில் வாசலில் அடிதடிகூட நடக்கும். மற்ற இரண்டு ராஜாக்கள் மெல்கியோரும் காஸ்பாரும் என்னதான் தாடியை ஆட்டினாலும் அவர்களிடம் கரி கிடையாது. அதனால்தான் பிள்ளைகளுக்குப் பல்தசார் என்றால் உயிர்.

அந்தக் கரியைக் குழைத்தவள் நான். முப்பத்திரண்டு வருடமாக இங்கே முடிவெட்டும் கடை வைத்திருக்கிறேன். ரெமே என்று கேட்டால் ஹாயென் நகரத்துக்குப் போகிற பஸ் டிரைவர்கூட வழி சொல்வான். இருபத்தொரு வருடமாகக் கறுப்பு ராஜா பல்தசார் வேஷம் கட்டியவன் என் தம்பி ஹாசிந்தோ. பன்றிக்கறிக் கடைக்காரன், தக்காளி மாதிரி முகம். அந்த முகத்தில் கறுப்புக் களிம்பை அப்பி, உதட்டுக்குச் சிவப்புத் தீட்டி, தலைப்பாகை கட்டி அனுப்பினால் கட்டின பெண்டாட்டிக்கே அடையாளம் தெரியாது. இதில் தப்பு இருக்கிறது என்று எவனாவது சொல்லியிருந்தால் சீப்பாலேயே அடித்திருப்பேன்.

ஆனால் போன வருடம் ஆறாம் தேதி மத்தியானம் ஒன்று நடந்தது. பூட்டின கடைக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் லமீனுடைய மகள் சோக்னா. ஐந்து வயது. லமீன் செனகல்காரன், பதினோரு வருடமாக எங்கள் ஒலிவத் தோட்டங்களில் கிளை கழிக்கிறான், அறுவடைக்கு ஆள் சேர்க்கிறான். சோக்னா இங்கேயே பிறந்தவள். ஊரில் கறுப்புக் குடும்பம் என்றால் அவர்கள் ஒன்றுதான். உள்ளே வந்தவள் நாற்காலிமேல் ஏறி நின்று, கண்ணாடியில் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரெமே, எனக்குக் கரி இருக்கா பாரேன். மார்க்கோஸ் இல்லவே இல்லங்கிறான்."

குனிந்து பார்த்தேன். அவள் நிறத்துக்கு என் களிம்பு எங்கே தெரியப்போகிறது? இத்தனை வருடம் குழைத்தவளுக்கு அது புத்தியில் உறைக்கவே இல்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"இருக்குடி தங்கம். உனக்கு மட்டும் உள்ளே போயிடுச்சு."

அவள் கண்ணாடி வழியாக என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சரி என்று இறங்கிப் போய்விட்டாள். அந்தப் பார்வை வருடம் முழுக்க என்னை உறுத்தியது. யாரிடமும் சொல்லவில்லை. இந்த வருடமாவது அந்தப் பிள்ளையின் கன்னத்தில் ஏதாவது ஒன்று தெரிய வேண்டும், எனக்கு அது போதும். களிம்பில் கொஞ்சம் தங்கப்பொடி கலந்து பார்க்கலாம் என்று வாங்கியும் வைத்திருந்தேன்.

டிசம்பர் தொடக்கத்தில் நுரியா என் கடைக்குள் நுழைந்தாள். ஊராட்சி உறுப்பினர், மாட்ரிடில் படித்தவள், நான் முதல் முடி இறக்கின பிள்ளை. ஹாசிந்தோ முடிவெட்டிக்கொண்டிருந்தான். மார்க்கோஸின் அம்மா பெனி சாயம் பூசி, தலை முழுக்க வெள்ளித்தாளோடு உட்கார்ந்திருந்தாள்.

"ரெமே, இந்த வருஷத்துலேர்ந்து பூச்சு கிடையாது. வெள்ளைக்காரன் முகத்துல கறுப்புப் பூசிக்கிட்டு நிக்கறது அசிங்கம். நிறத்தை வேஷமாக்கறது."

ஹாசிந்தோ துண்டோடு எழுந்துவிட்டான். "எது அசிங்கம்? ராஜாவா வர்றேன்டி! பிச்சைக்காரனாவா வர்றேன்? மூணு ராஜாவுல பிள்ளைங்க யாரைக் கட்டிக்குது? என்னைத்தான்."

"வெளிநாட்டுப் பத்திரிகையில எல்லாம் எழுதறாங்க."

"அவங்க ஊர்ல சிவப்புக் கோட்டுத் தாத்தா ஒருத்தன்தானே? ராஜாவைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்?"

"லமீனைக் கேட்டிருக்கேன். நிஜமாவே ஒரு ஆள் இருக்கும்போது வேஷம் எதுக்கு?"

பெனிக்கு வெறும் வாயில் அவல் விழுந்தது. "நல்ல கதைடி இது! லமீனைத் தெரியாத பிள்ளை இந்த ஊர்ல உண்டா? என் மார்க்கோஸ் வாரத்துல மூணு நாள் அவன் வீட்டுச் சோறுதான் திங்கறான். மடியில உக்காந்த உடனே 'சோக்னா அப்பா'ன்னு கத்துவான். அதோட மூணு ராஜாவும் குளோஸ்."

இதை யாரும் யோசிக்கவில்லை. ஊரில் இருப்பது ஒரே ஒரு கறுப்பு ஆள். அவன் எங்கே போய் ஒளிவான்? லமீனுக்கு வெள்ளைத் தாடி வைத்து மெல்கியோர் ஆக்கலாம் என்றாள் நுரியா. அப்படியானால் பல்தசார் யார் என்றேன். நான்தான் என்றான் ஹாசிந்தோ. பூச்சு இல்லாமலா? அவன் கண்ணாடியில் தன் சிவந்த முகத்தைப் பார்த்துக்கொண்டான்.

"பேசாம லமீனுக்கே மேல ஒரு பூச்சு பூசிடேன் ரெமே, அடையாளம் தெரியாம" என்றாள் பெனி.

எல்லோரும் சிரித்தோம். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினோம். நுரியா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். வெள்ளையனுக்குப் பூசினால் பாவம் என்றால், கறுப்பனுக்குப் பூசினால் அது என்ன கணக்கு?

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாசிந்தோ என்னையும் இழுத்துக்கொண்டு பாருக்குப் போனான். லமீன் வழக்கமான மூலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் ஹாசிந்தோவுக்கும் நல்ல சிநேகம். ஒருத்தன் பன்றி விற்பான், ஒருத்தன் தொடமாட்டான், அதை வைத்தே இருவரும் பத்து வருடமாகக் கேலி பண்ணிக்கொள்கிறார்கள். அன்று கேலி வரவில்லை.

"மறைக்காம சொல்லு. நான் பூசிக்கறது உனக்கு வலிக்குதா?"

லமீன் நாலாவது கட்டி சர்க்கரையைப் போட்டுக் கலக்கினான். "முதல் வருஷம் விழுந்து விழுந்து சிரிச்சேன். போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினேன். எங்கம்மா, 'யாருடா இது, உடம்பு சரியில்லையா'ன்னு கேட்டா. பார்சலோனாவுல இருக்கற மச்சான் உன் பல்லை உடைக்கணும்னான்."

"அவனை விடு. நீ?"

"நீ நல்லவன்டா. ஆனா ஒண்ணு. அன்னிக்கு ஊர் பூரா உன் கையில முத்தம் கொடுத்துச்சு. நீ முகத்தைக் கழுவிட்டு பீர் குடிக்கப் போயிட்ட. நானும் முகத்தைக் கழுவிட்டுத்தான் வீட்டுக்கு நடந்தேன். சதுக்கத்துலயே போலீஸ் நிறுத்தி அடையாளப் பேப்பர் கேட்டாங்க."

"அப்போ வலிக்குதுங்கிற."

"தெரியலங்கிறேன்! ஒரு வாரமா ஊரே என்னைத்தான் கேக்குது. நான் என்ன கறுப்பு டிபார்ட்மென்டா? ஒலிவ மரத்தைப் பத்திக் கேளு, சொல்றேன்."

"அப்புறம் எதுக்கு ஒத்துக்கிட்ட?" என்று நான் கேட்டேன்.

"சோக்னா வருஷம் பூரா பல்தசார், பல்தசார்னே உயிரை விடறா. மத்த ராஜாவைக் கண்டுக்கறதே இல்ல. அதான்."

அப்போதே அவனிடம் கரிக்கதையைச் சொல்லியிருக்க வேண்டும். ஹாசிந்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னான்: "அந்தத் தாடி மூக்குக்குள்ள ஏறும். வாயால மூச்சு விடு."

ஜனவரி ஐந்தாம் தேதி ஊராட்சி மன்றத்து அறையில் லமீனுக்கு நானே அலங்காரம் பண்ணினேன். மார்வரைக்கும் சுருட்டைத் தாடி, புருவத்தைத் தொடுகிற தலைப்பாகை, கண்ணிமைக்குத் தங்கப்பூச்சு. வாயைத் திறக்காதே என்று நூறு தடவை சொன்னேன். கறுப்புக் களிம்பு டப்பாவுக்கு வேலையில்லை. இருந்தும் பழக்க தோஷத்தில் என் அங்கிப் பையில் இருந்தது.

ஊர்வலம் நன்றாகத்தான் போனது. மிட்டாய் மழை, டிராக்டர், மேளம். லமீன் ராஜா மாதிரியே கையசைத்தான். பூச்சில்லாமல் வேலைக்காரன் வேஷத்தில் பின்னால் நடந்த ஹாசிந்தோவைத்தான் எல்லாப் பிள்ளையும் கண்டுபிடித்து, "கறிக்கடைக்காரரே, நீங்க எங்க இங்க?" என்று மானத்தை வாங்கின.

மன்றத்து ஹாலில் ராஜாக்கள் சிம்மாசனத்தில் உட்கார்ந்ததும் பல்தசார் முன்னால் நீள வரிசை. முதலில் மார்க்கோஸ். மடியில் ஏறினான், சைக்கிள் கேட்டான், முத்தம் வாங்கினான். இறங்கினதும் எல்லாப் பிள்ளையும் செய்வதையே செய்தான்: கன்னத்தை விரலால் தேய்த்து விரலைப் பார்த்தான். விரல் சுத்தமாக இருந்தது. இன்னொரு தடவை தேய்த்தான்.

"கரி ஒட்டல!" என்று கத்தினான். "இது நிஜ பல்தசார் இல்ல! நிஜ பல்தசார்னா ஒட்டும்!"

அடுத்த பெண்ணுக்கும் ஒட்டவில்லை. அவள் வாயைப் பிளந்து அழ, வரிசை முழுக்க அழுகை தொற்றியது. "பொய் ராஜா! பொய் ராஜா!" நுரியா சுவரோடு சுவராக நின்றாள். லமீன் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி அசையாமல் இருந்தான். முகத்தில் ஒரு பொட்டுக் கறுப்புப் பூச்சில்லாத ஒரே பல்தசார் இவன்தான். இவனைத்தான் பொய் என்கின்றன.

ஹாசிந்தோ என் காதருகே வந்தான். "அக்கா, உதட்டுல ஒரு துளி வை. ஒரே ஒரு துளி. அழுகை நின்னுடும்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்குள் என் விரல் டப்பா மூடியைத் திருகிவிட்டது. லமீன் திரும்பினான், டப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. இவள் என்ன செய்யப்போகிறாள் என்று பார்க்கிற பார்வை. எனக்கே அது தெரியவில்லை.

வரிசையை இடித்துக்கொண்டு சோக்னா வந்தாள். யாரையும் கேட்காமல் மடியில் ஏறினாள், கன்னத்தை நீட்டினாள், முத்தம் வாங்கினாள். இறங்காமல் அங்கேயே உட்கார்ந்து கன்னத்தைத் தேய்த்து, விரலைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள்.

"எனக்கும்தான் ஒட்டல. போன வருஷமே ஒட்டல. இது உள்ளே போற கரி. ஒட்டற கரி கழுவினாப் போயிடும், இது போகவே போகாது. வேணும்னா ரெமேயைக் கேளுங்க. அவதான் சொன்னா."

ஹாலே என்னைப் பார்த்தது. அழுத மூக்குகள் எல்லாம் என் பக்கம் திரும்பின.

"ஆமா" என்றேன். மூடியை இறுகத் திருகினேன்.

"எனக்கும் உள்ளே போயிருக்கா?" என்று மார்க்கோஸ் கேட்டான்.

"போயிருக்கு" என்றாள் சோக்னா, பெரிய மனதோடு. அவன் கன்னத்தைப் பொத்திக்கொண்டு போனான். வரிசை மறுபடி நகர ஆரம்பித்தது. இறங்குவதற்கு முன் அவள் ராஜாவின் காதுப் பக்கம் சாய்ந்தாள். பக்கத்தில் நின்ற எனக்கு அது கேட்டது.

"அப்பா, தாடி கோணலா இருக்கு."

எல்லாம் முடிந்து, அதே அறையில் தாடியைப் பிரித்தெடுத்தேன். லமீன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இமையின் தங்கத்தை எண்ணெய்ப் பஞ்சால் துடைக்க ஆரம்பித்தேன்.

"அவளுக்கு நான்னு தெரிஞ்சிருக்கு" என்றான்.

"ம்."

"போன வருஷம் என்ன ஆச்சு ரெமே?"

சொன்னேன். நாற்காலி, கண்ணாடி, மார்க்கோஸ், என் பொய், எல்லாவற்றையும். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவன் கண்ணைத் திறக்கவில்லை.

"மூணு நாள் கன்னத்தைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தா. குளிர்ல தோல் வெடிச்சிருக்குன்னு என் பொண்டாட்டி கும்பா தேங்கா எண்ணெய் தடவிவிட்டா. நாங்களும் ஏன்னு கேக்கல."

"நான் சொன்னதை அவ நம்பித்தான் இன்னிக்குச் சொன்னாளா? இல்ல உன்னைக் காப்பாத்தச் சொன்னாளா?"

"எனக்கென்ன தெரியும்? என்னைக் காப்பாத்தினாளோ, உன்னைக் காப்பாத்தினாளோ."

இமையை முடித்தேன். புதுப் பஞ்சை எடுத்து எண்ணெயில் நனைத்து நெற்றி, மூக்கு, கன்னம் என்று துடைத்தேன். இருபத்தொரு வருடம் ஹாசிந்தோவுக்குத் துடைத்த வரிசை அது; கை தானாகப் போனது. கன்னத்தை அழுத்தித் தேய்த்து, பஞ்சைத் திருப்பி எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்த்தேன். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

தலை நிமிர்ந்தால், கண்ணாடியில் லமீன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன ரெமே, போகுதான்னு பாக்கறியா?"

அவன் சிரிக்கிறானா என்று பார்த்தேன். சிரித்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். பஞ்சுக்கா, டப்பாவுக்கா, அந்தப் பொய்க்கா, இருபத்தொரு வருடத்துக்கா, எதிலிருந்து தொடங்குவது என்று புரியாமல் நின்றேன்.

லமீன் மெதுவாக மறுகன்னத்தைத் திருப்பிக் காட்டினான்.

"இந்தப் பக்கமும் ஒரு தடவை பாத்துடு" என்றான்.