போட்டியில்லாமல் ஜெயித்தவர்

தேனிக் கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த சுந்தர்ராஜுக்கு அரசியல் என்றாலே கொட்டாவி வரும். கலப்பைக் கொழு, மண்வெட்டி, ஆணி, கதவுக்கீல், ஞாயிற்றுக்கிழமை கோயில், அதோடு அவர் உலகம் முடிந்தது. அப்பேர்ப்பட்ட மனிதர் அந்த வருஷம் ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு ஊர் ஊராக அலைந்து டில்லி சட்டசபைக்கு ஓட்டுக் கேட்டார் என்றால் யார் நம்புவார்கள்? நம்பித்தான் ஆக வேண்டும். எல்லாம் ஜெபராணிக்காக.

ஜெபராணி அவர் மனைவி. முதுகுத்தண்டில் கட்டி. மாதம் ஒருதரம் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சீழ் எடுத்துவிட்டு வர வேண்டும். விட்டால் கால் இரண்டும் விளங்காமல் போய்விடும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ரயில் ஓடிய காலமாக இருந்தால் பலகையில் படுத்துக்கொண்டே போய்விடலாம். உலகச் சண்டைக்கு இரும்பு வேண்டும் என்று வெள்ளைக்காரச் சர்க்கார்தான் மதுரை - போடி தண்டவாளத்தையே கழற்றிக்கொண்டு போய்விட்டதே! சண்டையும் முடிந்தது, தண்டவாளம் மட்டும் திரும்பி வரவில்லை.

மிஞ்சியது கரி பஸ். பெட்ரோல் கிடைக்காத காலத்தில் பின்னால் அடுப்பு மூட்டி, கரிப்புகையில் ஓட்டுகிற சனியன். ஆண்டிபட்டிக் கணவாய் வந்தால் மூச்சு முட்டி நின்றுவிடும். ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஜெபராணி உதட்டைக் கடித்துக்கொள்வாள். மதுரையில் இறங்கும்போது உதட்டில் ரத்தம் இருக்கும்.

புரட்டாசியில் போய்விட்டு வந்தவள் பாயில் சாய்ந்ததும் சொன்னாள்: "இனி என்னால ஆகாதுங்க. செத்தாலும் வீட்டுலயே சாகுறேன். அந்த பஸ்ஸுல மட்டும் ஏத்தாதீக."

அந்த வாரம் பார்த்துத்தான் ஆதித்தன் கடைக்கு வந்தார். போடியில் ஏலக்காய் வியாபாரம். டில்லி சபைக்கு நிற்கிற ஒருவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் அவர்தான். மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, மூன்று ஜில்லாவுக்கும் சேர்த்து அந்தச் சபையில் பொதுவாக ஒரே நாற்காலி. அதற்கும் ஓட்டுப் போடுகிற பாக்கியம் வரி கட்டுகிறவனுக்கு மட்டும். சில ஊர்களில் நாலு பேர் தேறினாலே பெரிய காரியம்.

"போட்டி பலமா இருக்கு சுந்தர்ராஜ்," என்றார் ஆதித்தன். "உங்ககிட்ட கொழு வாங்காத சம்சாரி இந்தப் பக்கம் எவன் இருக்கான்? நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாக."

"சொல்றேன். ஆனா எனக்கு ஒண்ணு நடக்கணும். ரயிலு டில்லி கையிலதான இருக்கு? போடி ரயில எப்பத் திரும்ப விடுவீகன்னு உங்காளு சபையில எந்திரிச்சுக் கேக்கணும்."

"கேக்குறதென்ன, வாங்கியே குடுத்துருவாக!"

சுந்தர்ராஜ் அன்றைக்கு வீட்டுக்குப் போன வேகத்தைப் பார்த்தவர்கள் கடையில் தீப்பிடித்துவிட்டதோ என்று நினைத்திருப்பார்கள். "ஜெபம், எலெக்சன் முடியட்டும், ரயிலு வந்துரும். அதுவரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு பஸ்ஸுல போயிட்டு வந்துருவோம்," என்றார். ஜெபராணி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சரி என்றாள். ஐப்பசியில் ஒருதரம் பஸ் ஏறிப் போயும் வந்தாள்.

அப்புறம் அலைச்சல்தான். இந்தப் பக்கத்தில் வெறும் வாய்ப்பேச்சு செல்லாது. வெற்றிலை கைமாறினால்தான் பேச்சு உறுதி. வாங்கினவனும் மாறக்கூடாது, கொடுத்தவனும் மாறக்கூடாது. வெற்றிலை போடுகிற பழக்கமே இல்லாத சுந்தர்ராஜ் பையில் வெற்றிலைக்கட்டோடு வருசநாடு வரைக்கும் போனார். காலில் சேற்றுப்புண் வந்தது. கடையைக் கவனிக்க ஆளில்லாமல் வியாபாரம் படுத்தது. ராத்திரியில் கால் வலியில் தூக்கம் வராமல், எதற்கு இந்த வேண்டாத வேலை என்று நினைப்பார். பக்கத்தில் ஜெபராணி புரண்டு படுக்க முடியாமல் முனகுவாள். காலையில் மறுபடி கிளம்பிவிடுவார்.

வருசநாட்டில் வேலுச்சாமி என்று ஒரு சம்சாரி. மொச்சை விளைவித்து மதுரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர். ரயில் போனதோடு அதுவும் போயிற்று. அந்த மலையடிவாரத்தில் ஓட்டு உள்ளவர்கள் எல்லாம் அவர் சொல்லைத் தட்ட மாட்டார்கள். வெற்றிலையை லேசில் வாங்கிவிடுவாரா?

"ரயிலு நெசமா வருமா அண்ணாச்சி?"

"வரும்."

"டில்லிக்காரர நான் கண்டேனா? உங்க மூஞ்சிக்காக வாங்குறேன்," என்று சொல்லித்தான் கையை நீட்டினார்.

கார்த்திகை பிறந்து சில நாளில் கடைவீதியில் வெடிச்சத்தம். எதிர்த்து நின்றவர் வாபஸ் வாங்கிவிட்டாராம்! ஓட்டுப்பதிவே கிடையாது, நம்மவர் போட்டியில்லாமல் ஜெயித்துவிட்டார் என்று ஆளாளுக்குச் சீனி வழங்கினார்கள். சுந்தர்ராஜுக்கும் வாயெல்லாம் பல். மறுநாளே போடிக்குப் போய் ஆதித்தன் முன்னால் நின்றார்.

ஆதித்தன் ஏலக்காய் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். அவரும் அலைந்து கறுத்துப்போயிருந்தார். பொய் சொல்கிற தெம்புகூட அந்த மனிதரிடம் இல்லை.

"மதுரையில போயி மாலை போட்டேன் சுந்தர்ராஜ். ரயில் விஷயம் சொன்னேன். பாக்கலாம்னாக."

"பாக்கலாம்னா? வாங்கியே குடுத்துருவாகன்னு சொன்னீகளே!"

"போட்டி இருந்து, இத்தனை ஓட்டு நாங்க வாங்கிக் குடுத்தோம்னு சொன்னா உரிமையாக் கேக்கலாம். இப்ப எதச் சொல்லிக் கேக்க? திருநெல்வேலிக்காரன் ஒண்ணு கேக்குறான், சிவகாசிக்காரன் ஒண்ணு கேக்குறான். அந்த வரிசையில நம்ம கணவாய்க்கு இந்தப் பக்கம் எங்கனயோ கெடக்கு."

"மறந்துட்டாகளா?"

"மறக்கல. ஞாபகம் வச்சிருக்கணும்னு அவசியம் இல்லாமப் போச்சு. ஓட்டு இல்லன்னு வருசநாட்டுக்கெல்லாம் நானே ஆள் விட்டுச் சொல்லிர்றேன், நீங்க வீட்டுக்குப் போங்க."

வீட்டுக்குப் போனார். சொல்ல வாய் வரவில்லை. என்ன ஆச்சு என்று ஜெபராணியும் கேட்கவில்லை. அடுத்த தரம் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள், பார்த்தால், ஓட்டுப்பதிவு என்று முதலில் குறித்திருந்த அதே நாள். பாவி மனிதர் அவளிடம் சொல்வதை அன்றைக்கு வரைக்கும் தள்ளிப்போட்டார்.

அன்று காலை பஸ்ஸுக்காக ஜெபராணியை நாற்காலியோடு தூக்கிக் கடை வாசலில் உட்கார வைத்திருந்தார்கள். தெருமுனையில் மாட்டுவண்டிகள் திரும்பின. முன்வண்டியில் வேலுச்சாமி, வெளுத்த வேட்டியும் நெற்றியில் திருநீறுமாக. பின்னால் வருசநாட்டு ஆட்கள். ஆதித்தன் விட்ட ஆள் பாதி வழியில் கண்டமனூரோடு திரும்பிவிட்டானோ என்னவோ, அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

"பள்ளிக்கூடம் பூட்டிக் கெடக்கே அண்ணாச்சி! ஓட்டு எங்கன போடுறாக?"

சுந்தர்ராஜ் வாசலை விட்டு வண்டிப் பக்கம் வந்தார். "ஓட்டு இல்ல வேலுச்சாமி. எதிராளி வெலகிட்டாரு. நம்மாளு சும்மாவே ஜெயிச்சிட்டாரு."

"ஓட்டே போடாம ஜெயிச்சவரு எங்களுக்கு எப்படி ஆளு?" வேலுச்சாமி வண்டியிலிருந்து குதித்தார். "அப்ப ரயிலு?"

சுந்தர்ராஜ் கையை விரித்தார்.

"வெத்தல குடுத்தது டில்லிக்காரர் இல்ல அண்ணாச்சி, நீங்க! ராவெல்லாம் மாட்ட அடிச்சு ஓட்டிட்டு வந்துருக்கோம். எங்களப் பாத்தா கேணப்பயலுக மாதிரித் தெரியுதா?"

வையட்டும் என்று சுந்தர்ராஜ் நின்றார். அவருக்கு அந்த வசவு உறைக்கவே இல்லை. முதுகுக்குப் பின்னால் நாற்காலியில் இருப்பவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாளே, அதுதான் உறைத்தது.

பஸ் வந்து புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. ஆட்கள் நாற்காலியைத் தூக்கக் குனிந்தார்கள். "வேண்டாம்," என்றாள் ஜெபராணி. "நான் வரல. உள்ள கொண்டு போங்க." சத்தம் போடவில்லை, அழவில்லை. சுந்தர்ராஜ் கெஞ்சினார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கண்டக்டர் இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விசில் ஊதினான்.

பஸ் போன பிறகு, நாற்காலி தூக்க வந்தவர்கள் சொல்லித்தான் வேலுச்சாமிக்கு விஷயம் விளங்கியது. வந்த கோபம் எங்கே போயிற்றோ, அவள் கிட்டே வந்து நின்றார்.

"எங்க வண்டியில வாரியா தாயி? வைக்கலு நெறையப் போட்டுருக்கு, படுத்துக்கிட்டே வரலாம். மாடு மாத்திக் கட்டி மெதுவா ஓட்டுனா நாளைக்கு ராவுக்குள்ள மதுரையில எறக்கிருவேன். எப்படியும் மாட்டப் பூட்டியாச்சு."

ஜெபராணி வைக்கோலைப் பார்த்தாள். "இந்த ஒருதரம் வாரேன்," என்றாள்.

ஊரைத் தாண்டி வண்டி மெள்ள ஊர்ந்தது. சுந்தர்ராஜ் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அடுத்த மாசம் எப்படியும் ரயில் என்று சொல்ல வாய் பழக்கத்தில் திறந்துவிட்டது. மூடிக்கொண்டார்.

"ரயிலு வராது ஜெபம்," என்றார் கடைசியில். "நமக்காகக் கேக்குறதுக்கு அங்கன ஆளில்ல."

"எனக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சா ஏன் பஸ்ஸுல ஏறுன?"

"நீங்க நம்புனீகளே, அதுக்காக ஏறுனேன்." அவள் மேலே வண்டிக் கூண்டைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "இப்ப நீங்களும் நம்பல. அடுத்த மாசம் வண்டியும் வராது. நான் எதுக்கு ஏறணும்?"

வண்டி ஓட்டுகிற வேலுச்சாமிக்குக் கேட்குமே என்ற வெட்கமெல்லாம் சுந்தர்ராஜுக்குப் போய்விட்டது.

"எனக்காக ஏறு ஜெபம்," என்றார். "உன்ன விட்டா எனக்கு யாரும் இல்ல. உன்னக் கெஞ்சிக் கேக்குறேன்."

ஜெபராணி கூண்டிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"ஊரெல்லாம் போயிக் கேட்டீக," என்றாள். "என்கிட்ட இன்னைக்குத்தான் கேக்குறீக."

பிறகு கையை நீட்டினாள். "ஒருச்சாய்ச்சுத் திரும்பிப் படுக்கணும். கொஞ்சம் பிடிங்க."